பூனைக்கும் உங்களுக்கும் மாத்தி மாத்தி வர்ற அரிப்பு
வேப்பெண்ணெயும் மஞ்சளும் போட்டா போதுமான்னு கேட்டிருக்கீங்க, அது மட்டும் போட்டா இந்த அரிப்பு போகாதுங்க, உங்களுக்கும் பூனைக்குட்டிக்கும் ஒரே நேரத்துல வைத்தியம் பண்ணணும்.

உங்க கையில வட்டமா அரிப்பு, ஆயின்ட்மென்ட் போட்டா அடங்கி நிறுத்தினதும் திரும்ப வருது, குட்டிக்கும் காதோரம் முடி கொட்டுதுன்னு எழுதியிருக்கீங்க, அப்போ பெரும்பாலும் படர்தாமரைதான். அது பூஞ்சை, பூனைகிட்டேர்ந்து மனுஷனுக்கு ஈஸியா ஒட்டும்.

1. குட்டியை வெயில் வெளிச்சத்துல வச்சு காது, மூக்கு, முன்னங்கால் பாருங்க. முடி அடியோட ஒடிஞ்சு, சாம்பல் தூவின மாதிரி செதில் இருந்தா கால்நடை டாக்டர்கிட்ட முடி எடுத்து கல்ச்சர் (பூஞ்சை வளருதான்னு பார்க்கிற டெஸ்ட்) பண்ணச் சொல்லுங்க. டாக்டர் அடிச்சுப் பார்க்கிற புற ஊதா லைட்ல முடி மின்னலைங்கிறதுக்காக மட்டும் பூஞ்சை இல்லைன்னு ஆகாது.

2. உங்க ட்யூபைத் திருப்பிப் பாருங்க. க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன்னு இருந்தா அது ஸ்டீராய்டு, அரிப்பை அமுக்கிட்டு உள்ள பூஞ்சையை வளர்த்துவிடும். தோல் டாக்டரைப் பாருங்க.

3. வீட்டை விளக்குமாத்தால கூட்டாதீங்க, முடி பறந்து பரவும், ஈரத்துணியால துடைங்க. கொட்டின முடியில பூஞ்சை மாசக்கணக்கா உயிரோட இருக்கும், எங்க வீட்டுல குட்டிக்கு குணமாகியும் அது படுத்த பழைய சோபா துணியை கவனிக்காம விட்டுட்டோம், மறுபடியும் என் பொண்ணு கழுத்துல வட்டம் வந்துடுச்சு, அன்னைக்கு ரொம்ப வருத்தமாப் போச்சு.

டீ ட்ரீ ஆயில் மட்டும் வேண்டவே வேண்டாம், பூனைக்கு விஷம். எண்ணெய் எது தடவினாலும் அது நக்கிடும். உங்க மருந்தை குட்டிக்கும் போடாதீங்க, கல்ச்சர்ல பூஞ்சை இல்லைன்னு வர்ற வரைக்கும் குட்டியை குழந்தைங்க பக்கத்துல படுக்க விடாதீங்க.