மகள் மானாவாரி ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள்: ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் ஐயா.

"நான் மானாவாரியில் பட்டது போதாதா, படித்துவிட்டு அவளும் அதே மண்ணுக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மழை பொய்த்தால் உங்களுக்குப் போட்ட முதல் போச்சு. ஆராய்ச்சியாளருக்கு அந்த வறட்சி வருடமும் பதிவேட்டில் ஏற வேண்டிய வருடம்தான். அவளுக்குள்ள ஆபத்து வேறு. கைக்குக் காசு தாமதமாக வரும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், அந்த வேலை எப்படி இருக்கும் என்பதை அவள் தெரிந்துகொள்ளட்டும். மழை ஓய்ந்ததும் மண் துளைப்பானோடு வயலில் இறங்கி, மேல் மண், நடு மண், அடி மண் என்று ஆழம் வாரியாக எடுத்து, மூடியுள்ள டப்பாவில் அடைத்து, ஈரம் பறப்பதற்குள் எடை போட வேண்டும். பிறகு 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி மறுபடி எடை. குறைந்த எடைதான் மண்ணில் இருந்த தண்ணீர். அறுவடை வரைக்கும் இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். சோளம் பூக்கும்போது அடி ஈரம் கைகொடுத்ததா, அதற்கு முன்பே தீர்ந்துவிட்டதா என்பது அந்த எண்களில்தான் தெரியும்.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் மழைக்கு முன்பே விதைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சோள விதையை 2 சதவீத பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, 5 செ.மீ. ஆழத்தில் போடச் சொல்வார்கள். மேலாக விழுந்த விதை முதல் தூறலுக்கே முளைத்து, அடுத்த மழை வருவதற்குள் கருகிவிடும். எத்தனை சதவீதம், எத்தனை மணி நேரம், எவ்வளவு ஆழம் என்று ஒவ்வொன்றையும் பாத்தி பாத்தியாகப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். மானாவாரியில் வருடத்துக்குப் பெரும்பாலும் ஒரே போகம். ஒரு வருட விளைச்சலை வைத்து யாரும் பரிந்துரை எழுத மாட்டார்கள். செடி கொடி பிடிக்கும் என்பது மட்டும் இதற்குப் போதாது. புள்ளியியலைக் கண்டு ஓடும் பிள்ளை இங்கே நிற்காது.

படிப்பு பற்றி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. (ஆனர்ஸ்) வேளாண்மை 4 ஆண்டு. +2 மதிப்பெண்தான் கணக்கு, நீட் வேண்டாம். முதுகலையில் உழவியல், மண்ணியல், பயிர் வினையியல் என்று பிரியலாம். அவள் மனம் பண்ணைக்குட்டை, வழிந்தோடும் நீர், தடுப்பணை என்று தண்ணீர்ப் பக்கம் போகிறது என்றால் பி.டெக். வேளாண் பொறியியல்தான் நேர்வழி. இதை இப்போதே யோசியுங்கள், பிறகு தடம் மாறுவது கஷ்டம். தனியார் கல்லூரி என்றால் ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

அடுத்து எம்.எஸ்சி. 2 ஆண்டு, பிஎச்.டி. குறைந்தது 3. ஆக, 26, 27 வயதாகிவிடும். அதன்பின் வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி ஐ.சி.ஏ.ஆர். நிறுவனங்களுக்குப் போகலாம். மானாவாரிக்கென்றே ஐதராபாத்தில் 1985 முதல் 'கிரிடா' என்ற ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதே ஊர்ப்பக்கம் பட்டான்செருவில் 1972-இல் தொடங்கிய 'இக்ரிசாட்' சர்வதேச நிறுவனம். கரிசலுக்கான அகலப்பாத்தி முறையில் (அகலமான மேட்டுப் பாத்தி, இடையில் வாய்க்கால்) பேர் எடுத்தவர்கள். நம் பக்கம் கோவில்பட்டியிலேயே ஆராய்ச்சி நிலையம் உண்டு.

இனி கசப்பான பகுதி. நிரந்தரப் பணியிடம் குறைவு, போட்டி அதிகம். முனைவர் பட்டம் வாங்கியும் 'ப்ராஜெக்ட்' வேலையில் இருப்பவர்கள் நிறையப் பேர். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. வீட்டில் கடன் இருக்கிறது, தம்பி தங்கை படிப்பு காத்திருக்கிறது என்றால், ஆராய்ச்சிதான் என்று இன்றே சத்தியம் செய்ய வேண்டாம். அந்த முடிவை நான்காம் ஆண்டில் எடுத்தால் போதும். இளங்கலையோடு நின்றாலும் டி.என்.பி.எஸ்.சி. வழியாக வேளாண்மை அலுவலர், ஐ.பி.பி.எஸ். வழியாக வங்கியில் வேளாண் கள அலுவலர், வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான நபார்டு வங்கி என்று கதவுகள் உண்டு. அவற்றில் சேர்ந்து, குடும்பம் நிமிர்ந்த பிறகு முதுகலைக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அப்படிப்பட்ட வீட்டு நிலைமைக்கு அதுவே பொருத்தம் என்பேன்.

அதற்கு முன் ஒரு சோதனை. வரும் ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் நிலத்தில் மழைமானி ஒன்று வைத்து, தினமும் காலை 8.30-க்கு அளவெடுத்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மழை பெய்யாத நாளில் பூஜ்யம் எழுத வேண்டும். அதை விடாமல் எழுதுகிறாளா என்று மட்டும் பாருங்கள், வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

அவள் +2-வில் எந்தப் பாடப்பிரிவு என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் பத்தாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண்ணையும் அனுப்புங்கள். வேளாண்மையா, வேளாண் பொறியியலா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.