வாசகர் கேள்வி – பதில்: பழைய மாடுலர் பெட்டிகளைப் புது அடுக்களைக்குள் அடக்குவது எப்படி?

கேள்வி: எஸ்.எஸ்.காலனியில் ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருந்த ஃப்ளாட்டை விற்றுவிட்டோம். வாங்கியவர் கிச்சனை மாற்றிக்கொள்ளப் போவதாகவும், மாடுலர் கப்போர்டுகளை நாங்களே எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். ஒத்தக்கடைப் பக்கம் கட்டும் வீட்டில் பூச்சு வேலை முடிந்து, டைல்ஸ் ஒட்ட வேண்டிய கட்டத்தில் இருக்கிறது. அடுக்களையின் உள்ளளவு கிழக்குச் சுவரில் 8 அடி, தெற்குச் சுவரில் 10 அடி. கிழக்குச் சுவரின் வடக்கு ஓரத்தில் மூன்றடி ஜன்னல் உண்டு, வாசல் மேற்கில். பழைய கீழ்ப்பெட்டிகள் ஒரே வரிசையாக இருந்தவை: 900 மி.மீ. மூன்று டிராயர், 600 சிங்க் பெட்டி, 600 தட்டுப் பெட்டி, 450 கூடைப் பெட்டி, 300 பாட்டில் இழுப்பான். மேல்பெட்டிகள் மூன்று: 900, 600, 600, எல்லாமே 720 மி.மீ. உயரம். கொத்தனார் அடுத்த வாரம் சிமெண்ட் சிலாப் மேடை போட்டுவிடலாம் என்கிறார். பாட்டில் இழுப்பானை எடுத்துவிட்டு அந்த இடைவெளியில் சிலிண்டரை வைக்கலாமா? இடம் போதாவிட்டால் பெட்டிகளை ஆசாரியைக் கொண்டு அறுத்துக்கொள்ளலாமா? ஆவணியில் பால் காய்ச்ச நாள் பார்த்திருக்கிறோம்.
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இந்தக் கடிதத்துக்கு மற்ற எதையும் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: கொத்தனாரை நிறுத்துங்கள். நம் பக்கத்தில் மேடை என்றாலே இரண்டு மூன்று செங்கல் தடுப்புகளை எழுப்பி, 32 அங்குல உயரத்தில் சிலாப் வார்த்து, அதன்மேல் கிரானைட் பதிப்பதுதான் வழக்கம். அப்படி வார்த்த சிலாப்பின் கனத்தைக் கழித்தால் கீழே நிற்கும் இடைவெளி 740 மி.மீ. அளவுக்குத்தான் இருக்கும், உங்கள் பெட்டியோ 720 மி.மீ. உடலும் 100 மி.மீ. காலுமாக 820 மி.மீ. உயரம். காலைக் கழற்றித் தரையில் உட்கார வைத்தால் நுழையும் என்று கொத்தனார் சொல்வார், நுழையவும் செய்யும். ஆனால் அடுக்களையைக் கழுவிவிடும் ஒவ்வொரு நாளும் பலகையின் அடி விளிம்பு தண்ணீரைக் குடிக்கும். செங்கல் தடுப்புகள் வேறு ஆளுக்கு நான்கு அங்குலம் அகலத்தைத் தின்றுவிடும். மாடுலர் பெட்டி என்பது தானே மேடையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. 20 மி.மீ. கிரானைட் சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோதான். பெட்டிகளை மட்டம் பார்த்து ஒன்றோடொன்று திருகிவிட்டால், பாரம் பக்கப் பலகைகள் வழியாகக் கால்களுக்கு இறங்கிவிடும். 820-உடன் கல்லின் 20-ஐச் சேர்த்தால் மேடை 33 அங்குல உயரத்தில் வரும். நம் பெண்கள் பெரும்பாலோருக்கு இது இடுப்பு நோகாத உயரம்.

பெட்டிகளை அறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. நாகமலையில் எங்கள் வீட்டுக்குக் குடிபோன புதிதில், இரண்டு சென்டிமீட்டர் இடிக்கிறது என்பதற்காக ஒரு பெட்டியின் பக்கப் பலகையை அறுக்க நானே சம்மதித்தேன். அறுபட்ட விளிம்புக்கு டேப் ஒட்டாமல் சுவரோரமாகத் தள்ளிவிட்டார்கள். ஐப்பசி மழை முடிவதற்குள் அந்த விளிம்பு தேநீரில் நனைத்த ரஸ்க்கைப் போல உப்பி, கதவையே மூட முடியாமல் தள்ளிக்கொண்டு நின்றது. பெட்டி முழுதாகவே இருக்கட்டும். அறையின் மிச்ச அளவை இடைப்பட்டைகளும் (இடைவெளியை மூட நிறுத்தும் ஒல்லிப் பலகைகள்) ஒரு திறந்த சந்தும் ஏற்றுக்கொள்ளட்டும்.

இனி உங்கள் அளவுகளைப் போட்டுப் பார்ப்போம். தென்கிழக்கு மூலையில் 600-க்கு 600 மி.மீ. இடம் எந்தப் பெட்டிக்கும் கிடைக்காது, அதை மறந்துவிடுங்கள். அதற்கென்று சுழல் தட்டு விற்கிறார்கள், விலையைக் கேட்டால் அந்த மூலையே வேண்டாம் என்று தோன்றும். எலியும் கரப்பானும் குடியேறாதபடி கீழே அடைத்துவிட்டு, மேலே கல்லைத் தாங்கச் சுவரில் இரும்பு ஆங்கிள் அடித்துக்கொண்டால், மாவரைக்கும் கிரைண்டருக்கு அதைவிட நல்ல இடம் அடுக்களையில் கிடையாது.

மூலையை விட்டதும் இரு பக்கமும் 50 மி.மீ. இடைப்பட்டை கட்டாயம் வேண்டும். பட்டை இல்லாமல் பெட்டிகளை மூலையோடு ஒட்டி வைத்தால், ஒரு பக்கத்து டிராயரை இழுக்கும்போது மறுபக்கத்துக் கைப்பிடியில் முட்டி நின்றுவிடும். இந்தத் தவறைச் செய்த வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிழக்குச் சுவரின் 8 அடி 2,440 மி.மீ. ஆகிறது. மூலை 600, பட்டை 50, அடுத்து 900 டிராயர் பெட்டி, ஜன்னலுக்குக் கீழே 600 சிங்க் பெட்டி. மிச்சம் 290. பாட்டில் இழுப்பானின் அகலம் 300. பத்து மில்லிமீட்டரில் தவறுகிறது. டைல்ஸ் ஒட்டியபின் இரு பக்கமும் சேர்ந்து இன்னும் 30 மி.மீ. குறையும். ஆகவே அந்த இடத்தைப் பெட்டியில்லாத சந்தாகவே விட்டுவிடுங்கள். பூரிக்கட்டைப் பலகை, சொளகு, பெரிய தாம்பாளம் எல்லாம் நெட்டுக்குத்தாக நிற்க அது போதும்; அளவு முன்பின் ஆனாலும் அந்தச் சந்துதான் ஏற்றுக்கொள்ளும், பெட்டிகள் நகர வேண்டியதில்லை.

அடுப்பு 900 டிராயர் பெட்டியின் மேல் வரட்டும், அதையும் மூலைப் பக்கமாகச் சற்றுத் தள்ளி வையுங்கள். மூன்று பர்னர் அடுப்பு 700 மி.மீ. என்று வைத்தால், அடுப்பின் ஓரத்துக்கும் சிங்க் தொட்டிக்கும் நடுவே ஏறத்தாழ 25 செ.மீ. கிடைக்கும்; காய் நறுக்கவும் கொதிக்கும் சட்டியை இறக்கி வைக்கவும் அந்த இடம் தேவை. புகைபோக்கி ஜன்னலுக்கு முட்டாமல் சுவரில் பொருந்தும். அதன் அடி விளிம்பு அடுப்பிலிருந்து 65 முதல் 75 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். அக்னி மூலையில் அடுப்பு, ஈசானியத்தில் தண்ணீர் என்று வீட்டுப் பெரியவர்களும் திருப்தியடைவார்கள். எனக்கு அதைவிட, ஜன்னல் காற்று அடுப்பை அணைக்காது என்பது முக்கியம்.

தெற்குச் சுவரில் மூலைக்கும் பட்டைக்கும் பின் 600, 450, 300 பெட்டிகள் வரிசையாக நின்றால் 2,000 மி.மீ. முடிகிறது. வாசல் பக்கம் எஞ்சும் 1,050 ஃப்ரிட்ஜுக்கு. அதன் பின்னும் பக்கமும் காற்றுக்கு இடம் விட்டாலும் தாராளம். மேல்பெட்டிகளில் 900-மும் ஒரு 600-மும் தெற்குச் சுவரிலேயே மூலையிலிருந்து தொங்கும். இன்னொரு 600 மிஞ்சும். அதன் கதவுகளைத்தான் 50 மி.மீ. பட்டைகளாக அறுத்து மூலையின் இரு பக்கமும் பொருத்த வேண்டும். ஒன்பது ஆண்டில் லேமினேட் நிறம் மங்கியிருக்கும். கடையில் அதே எண் கிடைத்தாலும் புதுப் பட்டை தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். கதவில்லாத பெட்டி ஸ்டோர் ரூமுக்குப் போகட்டும்.

சிலிண்டரை அந்தச் சந்தில் வைக்க எண்ணாதீர்கள். 14.2 கிலோ சிலிண்டரின் குறுக்களவே 30 செ.மீ.யைத் தாண்டும், உள்ளேயே நுழையாது. கதவு போட்ட பெட்டிக்குள் வைப்பதும் தவறு: சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். தரைத்தளத்து வீடு உங்களுடையது, கிழக்குச் சுவர் வெளிச்சுவர். அதற்கு வெளியே, நிழலில், காற்றோட்டமான கூண்டில் சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, முறையான ஃபிட்டரைக் கொண்டு தாமிரக் குழாய் வழியாக உள்ளே கொண்டுவரலாம். மூடும் வால்வு அந்தத் திறந்த சந்தில் கைக்கு எட்டும்படி வரட்டும். சிங்க் தண்ணீர் விழும் திறந்த சாக்கடைத் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் கூண்டு வேண்டாம். தெற்கு ஓரமாகத் தள்ளிவிடுங்கள்.

பழைய சிங்க் பெட்டியைக் கொண்டுவர வேண்டாம் என்றே சொல்வேன். அதன் அடிப்பலகையில் குழாய் நுழையும் துளையைச் சுற்றி நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்தால் அது முடிந்த கதை. கதவு நன்றாக இருந்தால் கதவை மட்டும் எடுத்துக்கொண்டு, உடலைத் தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்டில் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள். மற்றப் பெட்டிகள் பிளைவுட்டா பார்ட்டிகிள் போர்டா என்பதைக் கீல் குழியைக் கழற்றிப் பார்த்தாலே தெரியும்: அடுக்கடுக்காக இருந்தால் பிளைவுட், மரத்தூளை அமுக்கியது போலிருந்தால் பார்ட்டிகிள் போர்டு. பார்ட்டிகிள் போர்டு ஒரே ஓட்டையில் இரண்டாவது முறை திருகைப் பிடிக்காது. கால்களையும் கீல்களையும் மறுபடி முடுக்கும்போது பழைய ஓட்டையில் பசை தடவிய மரக்குச்சியை அறைந்து காயவிட்டுத் திருக வேண்டும், அல்லது ஓர் அங்குலம் தள்ளிப் புது ஓட்டை போட வேண்டும். இதே காரணத்தால் பெட்டிகளைப் பலகை பலகையாகப் பிரிக்காமல், கதவையும் டிராயரையும் மட்டும் கழற்றி, எண் எழுதி ஒட்டி, முழுப் பெட்டியாகவே மாடியிலிருந்து இறக்கச் சொல்லுங்கள். லிஃப்டில் 900 பெட்டி நுழையுமா என்று முன்னாலேயே அளந்துகொள்வது நல்லது.

கூடைகளில் துருப் புள்ளி விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது பெருகத்தான் செய்யும். தரை டைல்ஸ், சுவர் டைல்ஸ், பிறகு பெட்டி, அதன்பின் கல் என்பதே வரிசை. கல் அறுக்கும் அளவை வரைபடத்திலிருந்து கொடுக்காதீர்கள், பெட்டிகளை நிறுத்தியபின் கல்காரரை வரவழைத்து அங்கேயே அளக்கச் சொல்லுங்கள். ஆடியில் குடிபோகத்தான் தயங்குவோம். இந்த வேலைகளை ஆடியிலேயே முடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: பழைய அடுக்களையின் கிரானைட் மேடைக் கல்லைப் பெயர்த்துப் புது இடத்தில் பதிக்கலாமா? கல் நன்றாகத்தான் இருக்கிறது.
– ஒரு வாசகர், மேலூர்

பதில்: கல் குவாரிகளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நீங்களே கேட்கிறீர்கள். சிமெண்ட் கலவையில் பதித்த கல் பெயர்க்கும்போதே பாதி உடையும். உடையாமல் வந்தாலும் சிங்க்குக்கு வெட்டிய ஓட்டையின் முன்னும் பின்னும் இருக்கும் ஒல்லிக் கழுத்து தூக்கும்போது விண்டுவிடும். சிலிகான் பசையில் பெட்டிமேல் ஒட்டிய கல்லாக இருந்தால் மெல்லிய கத்தியால் அறுத்து எடுக்கலாம். அப்போதும் சிங்க் ஓட்டைக்கு இப்புறமும் அப்புறமும் கிடைக்கும் நேர்த்துண்டுகளை மட்டும் அறுத்தெடுத்து, கொல்லைப்புறத்துத் துவைக்கும் மேடைக்கோ ஜன்னல் அடிக்கட்டைக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.