குவாண்டம் அடித்தள ஆராய்ச்சி: உருப்படியான வேலையா, வெட்டி வாதமா?

கேள்வி: என் மகன் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கிறான். குவாண்டம் இயக்கவியலின் (அணு, ஒளித்துகள் போன்ற மிகச் சிறியவை நடக்கும் விதிகளின்) அடித்தளத்தை ஆராயப் போகிறேன் என்கிறான். நூறு வருடமாக முடியாத தத்துவச் சண்டை அது என்கிறார் நண்பர் ஒருவர். அதில் உருப்படியாக ஏதாவது உண்டா?

பதில்:

உண்டு. ஆனால் 'அடித்தளம்' என்று தம்பி எதைச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள். அந்தப் பெயரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, ஆய்வகத்தில் அளந்து தீர்க்கக்கூடியது. இன்னொன்று, ஒரே சமன்பாட்டுக்கு யார் சொல்லும் பொருள் சரி என்கிற வழக்கு. உங்கள் நண்பர் சொல்வது இரண்டாவதை. நான் இயற்பியல் படித்துவிட்டு ஒளியியல் கருவிகளோடு பிழைப்பவன், ஆராய்ச்சியாளன் அல்ல. அதனால் கருவி பக்கமிருந்தே சொல்கிறேன்.

1935இல் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் குவாண்டம் இயக்கவியல் முழுமையானதல்ல என்று எழுதினார்கள். டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் அதே ஆண்டு மறுத்து எழுதினார். அப்புறம் முப்பது வருடம் இது மாலை நேரப் பேச்சாகவே கிடந்தது. 1964இல் ஜான் பெல் என்ற இயற்பியலாளர் வந்துதான் அதை அளக்கக்கூடிய விஷயமாக்கினார். ஒன்றாகப் பிறந்து இரு பக்கம் பிரிந்து போகும் துகள்கள், அளக்கும்போது தரப்போகும் விடைகளைப் புறப்படும்போதே கையோடு கொண்டு வருகின்றன, ஓரிடத்தில் செய்வது தொலைவில் இருப்பதை உடனே தொடாது என்று வைத்துக்கொண்டால், இரு பக்கத்து விடைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை நான்கு கோணச் சேர்க்கைகளில் அளந்து சேர்க்கும் எஸ் என்ற ஒரு கூட்டுத்தொகை 2ஐத் தாண்ட முடியாது. குவாண்டம் கணக்கோ 2.828 வரை போகலாம் என்கிறது. (பெல் எழுதிய வடிவம் கொஞ்சம் வேறு, இந்த எஸ் 1969இல் வந்தது.)

இன்று இதை ஒரு மேசையிலேயே செய்து பார்க்கலாம். 405 நானோமீட்டர் ஊதா லேசரை ஒரு படிகத்துக்குள் விட்டால், கோடிக்கணக்கான ஃபோட்டான்களில் (ஒளித்துகள்களில்) எப்போதோ ஒன்று 810 நானோமீட்டர் அகச்சிவப்பு ஃபோட்டான்கள் இரண்டாக உடையும். அறையை இருட்டாக்கி, கருவிகளில் மினுக்கும் சின்னப் பச்சை விளக்குகள் மேல்கூடக் கறுப்பு டேப் ஒட்டிவிட்டு, இரண்டு பக்கமும் போலரைசரை (ஒளி அதிரும் திசையைப் பார்த்து வடிகட்டும் தகட்டை) கோணம் கோணமாகத் திருப்பி, இரு உணரிகளும் ஒரே நேரத்தில் 'கிளிக்' ஆவதை எண்ண வேண்டும். படிகம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் எஸ் 2க்குக் கீழேயே நின்று உயிரை வாங்கும். சரியாக அமைந்தால் 2ஐத் தாண்டும், அதாவது மேலே வைத்துக்கொண்டது செல்லாது.

உலக அளவில் 1972இல் கிளவுசரும் ஃபிரீட்மனும் தொடங்கினார்கள், 1982இல் அஸ்பே மெருகேற்றினார், 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் குழு 1.3 கிலோமீட்டர் இடைவெளியில், முடிவைச் சந்தேகிக்க இடம் தந்த முக்கிய ஓட்டைகளை ஒரே சோதனையில் அடைத்தது. 2022இல் அஸ்பே, கிளவுசர், சைலிங்கர் மூவருக்கும் நோபல். இதெல்லாம் தம்பிக்குத் தெரிந்திருக்கும்.

சிங்கப்பூர் கதைதான் எனக்குச் சுவையானது. 1991இல் ஆர்ட்டர் எக்கர்ட் என்ற இயற்பியலாளர் ஒரு கேள்வி கேட்டார்: ஃபோட்டான்கள் விடையை முன்கூட்டியே சுமந்து வரவில்லை என்றால், ஒற்றன் திருடிப் படிக்கவும் அங்கே ஒன்றும் இல்லையே? அப்படியானால் எஸ் 2ஐத் தாண்டுவதையே செய்திகளைப் பூட்டும் இரகசியச் சாவிக்கு, அதாவது இருவருக்கு மட்டும் தெரிந்த எண்வரிசைக்கு, காவலாக வைக்கலாம். தத்துவச் சண்டை அங்கேதான் பூட்டுச் சாவி வேலையாக மாறியது. 2007இல் இங்கே குவாண்டம் தொழில்நுட்ப மையம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநரும் அவரே.

பூட்டு இருந்தால் உடைக்கவும் ஆள் வேண்டுமே. நார்வேக்காரர்களும் இந்த மையத்தினரும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட சோதனையை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பல்கலைக்கழகத்தின் கென்ட் ரிட்ஜ் வளாகத்தில், இப்படிச் சாவி அனுப்பும் 290 மீட்டர் ஒளியிழை. நடுவில் ஒற்றன். அவன் முதலில் பெறுபவரின் உணரியில் பளிச்சென்று வெளிச்சம் அடித்து அதைக் குருடாக்குகிறான். அதன்பின் அந்த உணரிக்கு ஒற்றை ஃபோட்டான் தெரியாது, பலமான ஒளித்துடிப்பு வந்தால் மட்டும் கிளிக் ஆகும். ஒற்றன் தான் அளந்த விடையையே ஒரு பலமான துடிப்பாக அனுப்புகிறான். பெறுபவர் அதே கோணத்தில் அளந்தால் முழுத் துடிப்பும் ஒரே உணரியில் விழுந்து கிளிக். வேறு கோணம் என்றால் துடிப்பு பாதி பாதியாகப் பிரிந்து இரண்டுமே மௌனம். ஆக, ஒற்றனோடு ஒத்துப்போகும் விடை மட்டுமே பெறுபவரின் பதிவேட்டில் ஏறுகிறது. சாவி முழுவதும் ஒற்றன் கையில், யாருக்கும் சந்தேகமில்லை.

இதே தந்திரத்தால் எஸ் மதிப்பையே அவர்கள் போலியாக ஏற்றிக் காட்டினார்கள், குவாண்டம் விதியே அனுமதிக்காத 4 வரை. காரணம், கிளிக் ஆகாத சுற்றுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது. 'அகப்பட்ட ஃபோட்டான்கள் மொத்தத்துக்கும் நியாயமான மாதிரியா?' என்பது அடித்தளக்காரர்கள் பல வருடம் வாதாடிய, மற்றவர்கள் "இதெல்லாம் ஒரு கவலையா" என்று சிரித்த ஓட்டை. அதே ஓட்டை வழியாகத்தான் திருடன் நுழைந்தான். கருவியையே நம்பாமல், எல்லாச் சுற்றையும் எண்ணி, பெல் சோதனையை (எஸ் 2ஐத் தாண்டுகிறதா என்பதை) மட்டும் நம்பும் முறைக்கு அதனால்தான் இவ்வளவு மவுசு. 2022இல் மியூனிக்கில் 400 மீட்டர் இடைவெளியில் இரண்டு அணுக்களை வைத்து அப்படி ஒன்றைச் செய்து காட்டினார்கள், சிங்கப்பூர்க் குழுவும் கூட்டு. இங்கேயே கட்டிய ஸ்பூக்கி-1 என்ற மூன்று கிலோகூட இல்லாத செயற்கைக்கோளும் 2019இல் மேலே போய், சுற்றுப்பாதையிலேயே எஸ் 2ஐத் தாண்டுவதைக் காட்டியது.

சரி, இரண்டாவது வேலை. எவரெட்டின் பல உலகங்கள் (எல்லா விடையும் வெவ்வேறு உலகில் நடக்கிறது, 1957), போமின் வழிகாட்டும் அலை (துகளை ஒரு அலை நடத்திச் செல்கிறது, 1952), நீல்ஸ் போர் வழிவந்த கோப்பன்ஹேகன் மரபு (அளக்கும்போதுதான் விடை உண்டாகிறது) எல்லாம் ஒரே விடையைக் கணிக்கின்றன, கதை மட்டும் வேறு. 2011இல் ஆஸ்திரியாவில் ஒரு மாநாட்டில் 33 பேரிடம் கேட்டபோது கோப்பன்ஹேகனுக்கு 42 சதவீதம், பல உலகங்களுக்கு 18 சதவீதம் கை தூக்கினார்கள். ஓட்டெடுப்பு நடத்தும் நிலையில் ஒரு அறிவியல் இருந்தால் உங்கள் நண்பர் முகம் சுளிப்பதில் ஆச்சரியமில்லை. இதே சிங்கப்பூர் மையத்தைச் சேர்ந்த பெர்ட்ஹோல்ட்-கியோர்க் எங்லர்ட், தீர்வுக்குக் காத்திருக்கும் அடித்தளச் சிக்கல் எதுவுமே இல்லை என்று 2013இல் கட்டுரையே எழுதினார். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். அலைச்சார்பு, அதாவது துகளின் எல்லா வாய்ப்புகளையும் சேர்த்து விவரிக்கும் கணிதம், உண்மையிலேயே ஒற்றை விடையாகச் சரிகிறது என்னும் கொள்கைகள் வேறு விடையைக் கணிக்கின்றன. ஈர்ப்பால் சரிகிறது என்ற கருத்தின் எளிய வடிவம் 2020இல் இத்தாலியின் கிரான் சாசோ மலையடி ஆய்வகத்தில் அடிபட்டுப் போனது. அடிபடக் கூடியது என்பதுதான் அதன் பெருமை. கோப்பன்ஹேகனா பல உலகமா என்று கட்சி கட்டுவதில் இருபது வயதைச் செலவழிப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

வேலை கிடைக்குமா என்பதையும் சேர்த்தே கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சிங்கப்பூர் 2024இல் அறிவித்த தேசிய குவாண்டம் உத்திக்கு ஐந்து ஆண்டுகளில் கிட்டத்தட்ட 300 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). பணம் தொழில்நுட்பத்துக்கு, அடித்தளத்துக்கென்று அல்ல. ஆனால் பெல் தேற்றத்தைக் கரைத்துக் குடித்தவருக்கும், இருட்டறையில் படிகத்தை நேராக்கத் தெரிந்தவருக்கும் அந்தப் பணத்தில் இடமுண்டு. இறுதியாண்டுத் திட்டப்பணிக்குப் பேராசிரியரைப் பார்க்கப் போகும்போது, "எந்த விளக்கம் சரி?" என்று கேட்காமல், "இதில் எதை அளக்கலாம்?" என்று தம்பியைக் கேட்கச் சொல்லுங்கள்.