விடியற்காலையில் மட்டும் செருப்பு

பெயரை வெளியிட வேண்டாம் என்ற குறிப்போடு மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது: "குளியலறைக் கண்ணாடிக்கு மேலிருந்த பழைய பிளாஸ்டிக் விளக்கு உடைந்துவிட்டதால், உலோக உடல் கொண்ட புதிய விளக்கொன்றை வாங்கி நானே பொருத்தினேன். விளக்குச் சுவிச்சைப் போட்டவுடன் ட்ரிப் சுவிச் விழுந்தது. மூன்று முறை தூக்கிவிட்டும் நிற்கவில்லை. வெளிநாட்டில் வயரிங் வேலை செய்துவிட்டு வந்திருக்கும் நண்பர் ஒருவர், ட்ரிப் பழசாகிவிட்டது, பிரேக்கர்கள் தனியாக இருப்பதால் பயமில்லை என்று சொல்லி அதைச் சேர்க்காமல் லைனை நேராகக் கொடுத்துவிட்டார். இப்போது விளக்கு நன்றாக எரிகிறது. எங்களோடு இருக்கும் மாமிக்குத்தான் வயதாகிவிட்டது. விடியற்காலையில் குளிக்கும்போது மட்டும் செருப்புப் போட்டுக்கொண்டு போகிறார், பகலில் வெறுங்காலோடுதான் போய் வருகிறார், செருப்பைக் கழற்றச் சொன்னாலும் கேட்பதில்லை. என் கேள்வி, எந்த வகை ட்ரிப் சுவிச் வாங்கினால் இப்படி அடிக்கடி விழாது?"

ஐயா, உங்கள் கேள்விக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது "மட்டும்" என்ற ஒரு சொல்தான். அதை நீங்கள் மாமியின் வயதைப் பற்றிச் சொல்வதற்காக எழுதியிருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மின்வேலையில் இருந்த எனக்கு அது வேறாகப் படுகிறது. விடியற்காலை நாலரை மணிக்குக் குளியலறைக்குள் போகிறவர் விளக்கைப் போட்டுக்கொண்டு போகிறார். பகலில் போகிறவர் போடுவதில்லை. விளக்கு எரியும்போது செருப்பு, எரியாதபோது வெறுங்கால். உங்கள் வீட்டிலுள்ள கோளாறு எந்த நேரத்தில் உயிரோடு இருக்கிறது என்பதை ஒரு நாளும் தவறாமல் காட்டிக்கொண்டிருக்கும் டெஸ்டர் உங்கள் மாமியின் கால்தான். அவருக்குக் குழாயைத் தொடும்போது கரண்ட் அடித்திருக்கிறது. ஒரு தடவை அல்ல, பல தடவை அடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் விளக்குக்கும் அந்த அடிக்கும் உள்ள தொடர்பை அவர் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

நடந்திருப்பது என்ன என்பதை, உங்கள் வீட்டைப் பார்க்காமலே பெரும்பாலும் சொல்லிவிடலாம். புதிய விளக்கின் அடித்தட்டைச் சுவரோடு வைத்துத் திருகாணியை முறுக்கியபோது, சுவிச்சிலிருந்து வரும் வயர் தட்டின் விளிம்புக்கும் சுவருக்கும் இடையில் நசுங்கி, அதன் மேலுறை கிழிந்திருக்கும். பழைய விளக்கு பிளாஸ்டிக் என்பதால் அப்படி நசுங்கியிருந்தாலும் ஒன்றும் ஆகியிராது. இதன் உடல் உலோகம், அதில் பச்சை ஏர்த் வயர் இணைக்கப்பட்டிருக்கிறது. சுவிச்சைப் போட்டவுடன் கரண்ட் விளக்கின் உடலுக்கும், அங்கிருந்து ஏர்த் வயருக்கும் இறங்குகிறது. போகும் வயரில் போன கரண்டும் திரும்பும் வயரில் வந்த கரண்டும் சமமாக இல்லை என்பதைக் கண்ட ட்ரிப், செய்ய வேண்டிய வேலையைச் செய்து விழுந்தது. ட்ரிப் பழசாகவில்லை, உங்கள் வீட்டில் அன்று சரியாக வேலை செய்த ஒரே பொருள் அதுதான்.

உங்கள் நண்பர் சொன்ன "பிரேக்கர் இருக்கிறது" என்ற ஆறுதலைக் கணக்கோடு பார்ப்போம். நம் வீடுகளில் ஏர்த் என்பது முற்றத்தில் அடித்த ஒரு கம்பிதான். கடற்கரை மணலில், அதுவும் மழை நின்று மாதக்கணக்கில் நிலம் காய்ந்து கிடக்கும் காலத்தில், அந்தக் கம்பிக்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள தடை 100 ஓம் வரை ஏறுவது அதிசயமல்ல. உப்புக் காற்றில் கம்பியின் கிளாம்ப் துருப்பிடித்திருந்தால் இன்னும் மோசம். 230 வோல்ட்டை 100 ஓமால் வகுத்தால் 2.3 அம்பியர். விளக்கு லைனுக்கு வழக்கமாகப் போடும் பிரேக்கர் 6 அம்பியர். 2.3 அம்பியரை அது சில விளக்குகளும் விசிறிகளும் ஓடுவதாக எண்ணிப் பேசாமல் இருந்துவிடும். ட்ரிப்போ 30 மில்லி அம்பியர் கசிந்தாலே, கண் இமைப்பதற்குள், அறுத்துவிடும். பழைய 60 வாட் பல்ப் ஒன்று எரிவதற்கே 260 மில்லி அம்பியர் வேண்டும் என்பதோடு ஒப்பிட்டால் 30 எவ்வளவு சிறியது என்று தெரியும். ஈர உடம்போடு ஈரத் தரையில் நிற்கும் மனிதரின் ஊடாக 200 மில்லி அம்பியர் வரை பாயலாம். இதயத்தை நிறுத்த அது போதும். பிரேக்கர் காப்பது வயரை, ட்ரிப் காப்பது ஆளை. இதைத் தெரிந்துகொள்ளாத ஒருவர் எந்த நாட்டில் வேலை செய்தால் என்ன?

விளக்குக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வீட்டிலுள்ள எல்லாப் பச்சை வயரும் கடைசியில் ஒன்றாகச் சேர்ந்துதான் அந்தக் கம்பிக்குப் போகிறது. கம்பியால் கரண்டை நிலத்துக்குள் தள்ள முடியாதபோது, ஏர்த் இணைக்கப்பட்ட உலோகம் எல்லாமே, வெந்நீர் ஹீற்றரின் உடலும் அதன் உலோகக் குழாயும் கிணற்று மோட்டரும் கூட, விளக்கு எரியும் நேரமெல்லாம் உயிரேறி நிற்கும். மணிக்கு அரை யூனிட் கரண்ட் மண்ணுக்குள் போவது தனி. அடுத்த பில்லில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குப் போகிறது. நீங்கள் இருக்கும் வீடு உங்கள் மனைவிக்குச் சீதனமாக வந்த வீடாகத்தான் இருக்கும். அதைக் கட்டிக் கொடுத்தவர்தான் இன்று பின்னறையில் படுத்து, விடியற்காலையில் யாரையும் எழுப்பாமல் குளித்துவிட்டு வருகிறார். "எங்களோடு இருக்கும் மாமி" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் உங்களோடு இல்லை; நீங்கள்தான் அவரோடு இருக்கிறீர்கள். என் தலைமுறை மாமிமார் மருமகன் செய்த வேலையை மருமகனுக்கு முன்னால் குறை சொல்ல மாட்டார்கள். "நீங்கள் பூட்டின லைற்றால் கரண்ட் அடிக்குது தம்பி" என்று சொல்லி உங்களைத் தலைகுனிய வைப்பதைவிட, வாசலில் கிடந்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு போவது அவருக்கு இலகுவாக இருந்திருக்கிறது. செருப்பின் அடி தேய்ந்து ஒரு நாள் ஈரம் ஊறினால் என்ன ஆகும் என்று அவர் யோசித்திருக்க மாட்டார். அதை யோசிக்க வேண்டியவர் நீங்கள். நீங்களோ செருப்பைக் கழற்றச் சொல்லி அவரிடம் வாதாடியிருக்கிறீர்கள். அவர் உங்கள் சொல்லைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதத்தை நீங்கள் எழுதியிருக்கவே மாட்டீர்கள். உங்கள் மனைவிக்கு இது தெரியாது என்பதையும் நான் நம்பவில்லை; தாயின் செருப்பு மகளின் கண்ணில் படாமல் போகாது. அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இதை வாசித்தவுடன் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். ட்ரிப் மீண்டும் லைனில் சேர்க்கப்படும் வரை அந்த வீட்டில் யாரும் குளிக்கக் கூடாது. சேர்க்கும் வேலை உங்களுடையதும் அல்ல, அந்த நண்பருடையதும் அல்ல, என்.வி.கியூ. என்ற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் உள்ள ஒரு மின்வேலையாளைக் கூப்பிடுங்கள். அவர் முதலில் ட்ரிப்பை அதன் இடத்தில் சேர்ப்பார். பிறகு விளக்கைக் கழற்றி, சுவரிலிருந்து வரும் வயர்களின் நுனியை மூடிவைத்து, சுவிச்சைப் போட்டுப் பார்ப்பார். ட்ரிப் நின்றால் கோளாறு விளக்கிலோ அதைப் பொருத்திய விதத்திலோ இருக்கிறது. விழுந்தால் சுவிச்சுக்கும் விளக்குக்கும் இடையில் சுவருக்குள் ஓடும் வயரில் இருக்கிறது. சுவிச்சைப் போட்டபோது மட்டும் விழுந்தது என்பதால் மற்ற லைன்களைத் தோண்ட வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. வயரின் மேலுறை கசிகிறதா என்று பார்க்கும் மெகர் என்ற கருவி கொண்டு 500 வோல்ட்டில் வயர்களையும், தனிக் கருவி கொண்டு ஏர்த் கம்பியின் தடையையும் அளக்கச் சொல்லுங்கள். அளக்காமல், டெஸ்டரை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்கிறவருக்குக் கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு வேறொருவரைத் தேடுங்கள்.

இன்னொன்று. ட்ரிப் விழுவதை நிறுத்துவதற்காக விளக்கின் பச்சை வயரை வெட்டிவிடலாம் என்று யாராவது சொல்லக்கூடும். வெட்டினால் ட்ரிப் நிற்கும். ஆனால் கண்ணாடியைத் துடைக்கப் போகும் கை விளக்கின் உடலில் பட்டவுடன், அந்தக் கையே ஏர்த் வயராகிவிடும். அந்த ஆலோசனை சொல்பவரை வாசலோடு அனுப்புங்கள். விளக்கையும் மாற்றத்தான் வேண்டும் என்றால், ஐபி 44 என்று பெட்டியில் அச்சிட்டதை வாங்குங்கள். குளியலறை நீராவிக்கும் நீர்த்துளிக்கும் அதற்குக் குறைந்தது தாங்காது.

எந்த வகை ட்ரிப் வாங்கினால் விழாது என்று கேட்டீர்கள். விழாத ட்ரிப் எந்தக் கடையிலும் இல்லை, இருந்தால் வாங்கவும் கூடாது. இப்போதுள்ளதில் 'டி' (T) எழுத்திட்ட சிறு பொத்தான் இருக்கும். லைனில் சேர்த்த பிறகு அதை அழுத்தும்போது விழுந்தால் புதிது வாங்கத் தேவையில்லை, விழாவிட்டால் மட்டும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் ஒன்றை வாங்கி மாற்றுங்கள். பிறகு மாதம் ஒரு முறை அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

வேலை முடிந்து, மின்வேலையாள் ஹீற்றர் குழாயையும் தரையையும் மீற்றரால் அளந்து காட்டிய பிறகு, அடுத்த நாள் விடியற்காலை மாமிக்கு முன்னால் நீங்கள் எழும்புங்கள். விளக்கைப் போட்டு, வெறுங்காலோடு அந்த ஈரத் தரையில் நின்று, முதலில் நீங்கள் குளியுங்கள். அதன்பிறகு மாமியிடம் போய், விளக்கைத் தவறாகப் பூட்டியது நான்தான் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். செருப்பைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம், அவரே கழற்றுவார்.