சாயமேற்றும்போது சோடா ஆஷ் சேர்ப்பது ஏன்?
திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிப்பிணைப்பு கொள்ளும் சாயம்) ஏற்றும்போது உப்புக்குப் பின் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட் என்னும் காரம்) சேர்ப்பது எதற்கு, அங்கு நிகழ்வது பாடத்தில் வரும் கருக்கவர் பதிலீட்டு வினைதானா (எலக்ட்ரான் மிகுந்த ஒரு தொகுதி வந்து பிணைய, மற்றொன்று வெளியேறும் வினை) என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதிலீட்டு வினைதான், ஆனால் பின்புறமிருந்து தாக்கும் தொகுதி பிணைவதும் பழையது வெளியேறுவதும் ஒரே படியில் நிகழும் எஸ்என்2 வகை அன்று. உப்பின் வேலை சாயத்தை இழையின்பால் நகர்த்துவதோடு முடிகிறது. சோடா ஆஷ் கரைசலின் பிஎச் மதிப்பை 11-ஐ ஒட்டி உயர்த்துவதால், பருத்தி இழையிலுள்ள செல்லுலோஸின் ஹைட்ராக்சில் (OH) தொகுதிகளுள் சில புரோட்டானை இழந்து, எதிர்மின் சுமையுள்ள ஆக்சிஜனைக் கொண்டவையாகின்றன. எலக்ட்ரான் நகர்வைக் காட்டும் வளைந்த அம்புக்குறியை நீங்கள் தொடங்க வேண்டிய இடம் அந்த ஆக்சிஜனின் தனித்த எலக்ட்ரான் இணையே. குளோரோடிரையசின் வகைச் சாயத்தில் (மூன்று நைட்ரஜன்களைக் கொண்ட வளையத்தில் குளோரின் இணைந்தது), வளைய நைட்ரஜன்களும் குளோரினும் எலக்ட்ரானைத் தம்பக்கம் இழுப்பதால், குளோரின் இணைந்த கார்பன் எலக்ட்ரான் குறைந்து நிற்கிறது. ஆக்சிஜன் முதலில் அக்கார்பனோடு பிணைகிறது. அப்போது இடம்பெயரும் எலக்ட்ரான்களை வளைய நைட்ரஜன் தாங்கிக்கொள்கிறது. அதன் பிறகே குளோரைடு வெளியேறுகிறது. சமதள வளையத்தில் பின்புறத் தாக்குதலுக்கு வழியில்லை என்பதால், இவ்விரு படிகளையும் தனித்தனியாக வரைவது அவசியம் என்பது என் உறுதியான கருத்து.

நீரிலுள்ள ஹைட்ராக்சைடு அயனியும் அதே கார்பனைத் தாக்கவல்லது. அவ்வாறு நீராற்பகுப்படைந்த சாயம் இழையோடு பிணையாமல் அலசும் நீரில் கழிவாகச் செல்கிறது. சாயக்கழிவால் மாசுபட்ட நொய்யல் ஆற்றின் துயரத்தில் இதற்கும் பங்குண்டு என்பதால், காரத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் சிறிது சிறிதாகச் சேர்ப்பதை வெறும் பட்டறை வழக்கமாக எண்ண வேண்டாம்.