இடுப்பு முறிவு கூடவில்லை என்றால் 32 வயதில் மூட்டு மாற்றுதான் வழியா?

தொடை எலும்பின் கழுத்து முறிந்து, ஸ்க்ரூ போட்டு ஏழு மாதமாகியும் கூடவில்லை. மூட்டையே மாற்றச் சொல்கிறார்கள், வேறு வழி இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இருக்கிறது. உங்கள் வயதில் சொந்த மூட்டைக் காப்பாற்றப் பார்ப்பதுதான் சரி என்பது எலும்பு மருத்துவராக என் கருத்து.

இந்த இடம் கூடுவதே கொஞ்சம் கஷ்டம். மேலே, இடுப்புக் குழிக்குள் பொருந்தியிருக்கும் பந்துக்குப் போகும் ரத்தக்குழாய்கள் கழுத்தை ஒட்டியே ஓடுகின்றன. முறியும்போது அவையும் அறுபடலாம். அதோடு, இளம் வயதில் பலத்த அடியால் வரும் முறிவு பெரும்பாலும் செங்குத்தாக இருக்கும். ஜெர்மன் மருத்துவர் பாவெல்ஸ் 1935-லேயே இந்தச் சாய்வை வைத்து முறிவுகளை மூன்றாகப் பிரித்தார். 50 டிகிரிக்கு மேல் போனால், சரிவான பலகையில் வைத்த செங்கல் மாதிரி, காலூன்றும்போதெல்லாம் பந்து வழுக்கப் பார்க்கும். ஸ்க்ரூ எவ்வளவு நேரம் தாங்கும்?

அதனால் கோணத்தையே மாற்றுகிறோம். முறிவுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்திலிருந்து ஆப்பு வடிவில் எலும்பை வெட்டியெடுத்து, இடைவெளியை மூடி பிளேட் போடுவோம். செங்குத்தாக இருந்த கோடு படுத்துவிடும். வழுக்கிய எடை இப்போது அழுத்தும். அந்த அழுத்தத்தில் எலும்பு கூடுகிறது, பெரும்பாலும் முறிந்த இடத்தைத் திறக்காமலே. எக்ஸ்ரேயை டிரேசிங் பேப்பரில் வரைந்து, ஆப்பை வெட்டி, துண்டை நகர்த்திப் பார்த்துதான் நான் அளவை முடிவு செய்வேன். குட்டையான கால் சற்று நீளவும் செய்யும். ஆனால் கோணம் அதிகமாகிவிட்டால் தாங்கித் தாங்கி நடக்க நேரும், பின்னாளில் மாற்று மூட்டு பொருத்துவதும் சிரமமாகும்.

கழுத்து மிகவும் தேய்ந்திருந்தால் முழங்காலுக்குக் கீழிருந்து ஃபிபுலா எலும்பில் ஒரு துண்டை எடுத்து வைக்கிறோம். பந்து நொறுங்கி அமுங்கிவிட்டால் மட்டும் மாற்று மூட்டுதான் நல்லது. ரத்த ஓட்டம் குறைந்தும் வடிவம் கெடாமல் இருந்தால் காப்பாற்றிப் பார்க்கலாம். பின்னர் அமுங்கும் அபாயம் இருக்கிறது, அதை உங்களிடம் மறைக்கக் கூடாது.

முடிவெடுக்கும் முன் சி.டி. எடுத்தீர்களா? கூடியதா இல்லையா என்பது அதில் தெளிவாகத் தெரியும். பந்தின் உயிரோட்டத்துக்கு எம்.ஆர்.ஐ.; உள்ளே இருக்கும் உலோகத்தால் படம் கலங்கலாம். கிருமி இல்லை என்று உறுதிசெய்ய ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகள் அவசியம். புகைப்பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். அப்புறம், இந்த அறுவையை வழக்கமாகச் செய்யும் ஒருவரிடம் இன்னொரு கருத்துக் கேளுங்கள். அதுவரை ஊன்றுகோலோடு, அந்தக் காலில் எடை போடாமல் நடங்கள்.