சாண்டா உண்மையா என்று மகள் கேட்டால்

கேள்வி: நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில் வாழும் சைவக் குடும்பம். ஒன்றாம் வகுப்பில் படிக்கும் எங்கள் ஆறு வயது மகள், கிறிஸ்துமஸ் தாத்தாவான சாண்டாவுக்கு வட துருவ முகவரியில் கடிதம் எழுதி அனுப்பிய கையோடு, "சாண்டா உண்மையாகவே இருக்கிறாரா?" என்று கேட்டாள். பிள்ளையிடம் பொய் சொல்லக்கூடாது என்கிறார் கணவர். வகுப்பில் எல்லோரும் நம்பும்போது இவளுடைய மகிழ்ச்சியை மட்டும் ஏன் கெடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். சாப்பிட அடம்பிடித்தால், "சாண்டா பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று சொல்லித்தான் ஊட்டுகிறேன். மூன்று வயதில் ஒரு தம்பியும் இருக்கிறான். நாங்கள் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பிள்ளை கேட்காதவரை இது விளையாட்டு. உண்மையை அறிய விரும்பிக் கேட்ட பிறகும் நாம் மழுப்பினால்தான் அது பொய்யாகிறது. உங்கள் மகள் எதற்காகக் கேட்டாள் என்பதை அறிய, "நீ என்னம்மா நினைக்கிறாய்?" என்று முதலில் அவளிடமே கேளுங்கள். புகைபோக்கி இல்லாத வீட்டுக்குள் அவர் எந்த வழியாக வருவார் என்று அவளே கதை கட்டத் தொடங்கினால், விளையாட்டைத் தொடர விரும்புகிறாள் என்று கொள்ளலாம். "இல்லை, நீங்கள் சொல்லுங்கள்" என்று வற்புறுத்தினால், பரிசு வைப்பவர்கள் அப்பாவும் அம்மாவும்தான் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

மனம் உடைந்துவிடுவாளோ என்ற அச்சம் பெரும்பாலும் நம்முடையதே. 1994இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வுக்காக, சாண்டா மீதான நம்பிக்கை நீங்கிய 52 பிள்ளைகளிடம் பேசியபோது, அவர்கள் பொதுவாக ஏழு வயதளவில் தாங்களாகவே உண்மையைக் கண்டுபிடித்திருந்தார்கள் என்பதும், அதைப் பெரும்பாலும் மகிழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டார்கள் என்பதும், வருந்தியவர்கள் பெற்றோரே என்பதும் தெரியவந்தன. 1897இல் வர்ஜீனியா ஓஹன்லன் என்ற எட்டு வயதுச் சிறுமி நியூயார்க்கின் 'சன்' நாளிதழுக்கு இதே கேள்வியை எழுதினாள். அதற்குத் தலையங்கத்தில் பதில் எழுதிய பிரான்சிஸ் சர்ச், சாண்டா இருக்கிறார் என்றும், ஐயப்படும் தோழர்கள்தான் தவறு என்றும் அவளுக்கு உறுதி கூறினார். இன்றுவரை கொண்டாடப்படும் அந்தத் தலையங்கத்தின் நடை அழகானதுதான். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்ட பிள்ளைக்கு அப்படியொரு பதிலை நான் தரமாட்டேன்.

'இல்லை' என்று மொட்டையாகச் சொல்லவும் வேண்டாம். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் தென்கரையிலிருந்த மைரா நகரில், சாண்டா கதைக்கு மூலமான நிக்கலஸ் என்ற ஆயர் வாழ்ந்தார். சீதனம் கொடுக்க வழியற்ற ஒரு தகப்பனின் மூன்று பெண்களுக்காக அவர் இரவில் யாருமறியாமல் பொன் முடிப்புகளை வீட்டுக்குள் போட்டதாக மரபுக்கதை உண்டு. அவரைப் போல மறைந்திருந்து கொடுப்பதே இந்த விளையாட்டு என்றால் அவளுக்கு விளங்கும். சீதனம் என்றால் என்ன என்று அவள் அடுத்துக் கேட்கக்கூடும். அதற்குப் பதில் சொல்வது இதைவிடக் கடினம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது, சாண்டாவைக் காட்டிச் சோறூட்டுவதுதான். எங்கிருந்தோ ஒருவர் தன்னைக் கண்காணித்துப் பரிசை நிறுத்திவிடுவார் என்று பிள்ளையை அஞ்சவைப்பதில் விளையாட்டு எதுவும் இல்லை. மேலும், டிசம்பர் 26 முதல் அந்த மிரட்டல் செல்லாது. இதை இன்றோடு விட்டுவிடுங்கள். அதேபோல, சாண்டாவின் பெயரால் வைக்கும் பரிசு சிறியதாக இருக்கட்டும். விலையுயர்ந்தது எதுவாயினும் உங்கள் பெயரிலேயே கொடுங்கள். ஒரு பிள்ளைக்கு டேப்லெட்டும் இன்னொரு பிள்ளைக்குக் காலுறையும் கொடுக்கும் சாண்டாவைப் பற்றி வகுப்பறையில் பேச்சு வந்தால், காலுறை பெற்ற பிள்ளை தன்னிடம்தான் ஏதோ குறை என்று எண்ணும்.

தம்பியைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம்; அவனுக்காகப் போலிக் காலடித் தடங்கள் போன்ற சான்றுகளை மட்டும் உருவாக்காதீர்கள். உண்மை தெரிந்த பிறகு, பரிசுகளுக்காக அவன் தொங்கவிடும் காலுறையை நிரப்பும் பொறுப்பை அக்காவிடமே கொடுங்கள். வகுப்புத் தோழர்களுக்குச் சொல்வது அவரவர் வீட்டுப் பெரியவர்களின் வேலை என்றும் அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஆறு வயதில் அது எவ்வளவு நாள் காப்பாற்றப்படும் என்பது வேறு விடயம்.

அவள் எழுதிய கடிதத்துக்குக் கனடா அஞ்சல் துறையிலிருந்து சாண்டாவின் பெயரில் பதில் வரும். அதற்குள் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அதை ஒளித்துவைக்காதீர்கள். முன்பின் தெரியாத பிள்ளைகளுக்காகத் தன்னார்வலர்கள் அமர்ந்து எழுதும் கடிதம் அது என்று சொல்லி அவள் கையில் கொடுங்கள்.